பெயர் வெட்டிய ஐம்பத்தேழு பாத்திரங்கள்

அனுப்புபவர்:
சு. வானமாமலை, ஃபிட்டர்,
காரியதரிசி, முத்தாரம்மன் கோயில் சந்து ஊர்க் கூட்டம்,
தாராவி, பம்பாய்.

பெறுபவர்:
உயர்திரு ஜகந்நாதன் அவர்கள்,
மேலதிகாரி, விபத்து நிவாரணப் பண்டகசாலை,
சுனாபட்டி, பம்பாய்.

விஷயம்: ‘உரிமையாளர் தெரியாத பழைய உலோகம்’ என்று இம்மாதம் 21ஆம் தேதி ஏலத்துக்கு வைக்கப்பட்டுள்ள ஐம்பத்தேழு பாத்திரங்களுக்கு உரிமையாளர்கள் நாங்களே எனத் தெரிவித்து, அவற்றைத் திருப்பித் தரக் கோருவது.

பார்வை: பண்டகசாலை வாசலில் ஒட்டியுள்ள 2-1-1946 தேதியிட்ட அறிவிப்பு.

கனம் பொருந்திய ஐயா அவர்களுக்கு வணக்கம்.

1. இதே விஷயமாக முன்பு இரண்டு மனுக்களைத் தபாலாபீஸ் வாசலில் மனு எழுதுகிறவரைக் கொண்டு இங்கிலீஷில் அனுப்பினோம். ரசீது இணைக்கவும் என்று இரண்டுக்கும் ஒரே பதில் வந்தது. தாங்கள் இப்பதவிக்கு வந்து மூன்று வாரம் ஆகிறதென்றும், மாட்டுங்காவாசி என்றும், தமிழ் நன்றாக வாசிப்பீர்கள் என்றும் கேள்விப்பட்டோம். ஆகவே இம்முறை யார் கையையும் இரவல் வாங்காமல் நானே எங்கள் பாஷையில் எழுதுகிறேன். மனு நீண்டுவிட்டால் பொறுத்தருள வேண்டும். முப்பத்தைந்து வருஷத்து ஊரை ஒரே பக்கத்தில் மடித்து வைக்க எனக்குத் தெரியவில்லை.

2. ‘ஊர்’ என்று நான் எழுதுவதைப் பார்த்துத் தாங்கள் சிரிக்கலாம். நூற்று நாற்பது வீடுகள் உள்ள ஒரு சந்துதான். தோல் பதனிடுகிறவர்கள், துறைமுகக் கூலிகள், என்னைப் போல் பட்டறைக்காரர்கள், பெரும்பாலும் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவர்கள் குடியிருக்கிறோம். ஆனாலும் எங்களுக்கு ஒரு கோயில் உண்டு, வருஷா வருஷம் கொடைத் திருவிழா உண்டு, கூட்டம் உண்டு, சண்டையும் உண்டு. இவ்வளவும் இருந்தால் ஊர் இல்லாமல் வேறென்ன?

3. 1911ஆம் வருஷம் இச்சந்தில் முதல் கல்யாணம் நடந்தது. அதுவரை கல்யாணம் என்றால் ரயிலேறிப் போய்விடுவார்கள். முதன்முதலாக இங்கேயே பந்தல் போட்டபோது நூறு பேருக்குச் சோறு வடிக்க ஒரு பானைகூட இல்லை. மூன்று தெருவில் இரவல் கேட்டு நின்ற அவமானத்தில், அன்றே கூட்டம் போட்டு ஒரு வழக்கம் ஏற்படுத்தினார்கள். இச்சந்தில் கல்யாணம் செய்கிறவர்கள் மணமக்கள் பெயரும் வருஷமும் வெட்டிய பாத்திரம் ஒன்றை ஊருக்குத் தர வேண்டும். அது பிறகு யார் வீட்டு விசேஷத்துக்கும் போகும். 1926 முதல் அப்பெயர்களை வெட்டி வருகிறவன் அடியேன். என் உளியின் நுனியில் ஒரு சிறு உடைசல் உண்டு. ஆகையால் நான் வெட்டிய ஒவ்வொரு எழுத்தின் ஓரத்திலும் கடுகளவு ஒரு பள்ளம் விழுந்திருக்கும்.

4. பாத்திரங்களை வருஷ வரிசையில் அடுக்கினால் எங்கள் சரித்திரம் முழுவதும் கிடைக்கும். 1918இல் ஒன்றுமில்லை, அது விஷக்காய்ச்சல் வருஷம். ஆலை வேலைநிறுத்தத்தின்போது கல்யாணம் செய்த ஒரு ஜோடி வெறும் கரண்டி ஒன்றுதான் கொடுத்தது. பிற்பாடு அவர்கள் நல்ல நிலைக்கு வந்து, கரண்டியை வாங்கிக்கொண்டு அண்டா தருகிறோம் என்றார்கள். கூட்டம் சம்மதிக்கவில்லை. அந்த வருஷம் நாம் கரண்டியாகத்தான் இருந்தோம், அதை மறைப்பானேன் என்று சொல்லிவிட்டது. தோல் கிடங்கு மேஸ்திரி கரீம் பாட்சா தம் மகள் நிக்காவுக்குக் கொடுத்த தேக்சாவில் தமிழ் எழுத்திலேயே பெயர் வெட்டச் சொன்னார். கரண்டியையும் சேர்த்து மொத்தம் ஐம்பத்தேழு. யானைமேல் அம்பாரியில் வைத்து ஊர்கோலம் போகும் வசதி எங்களுக்கு இல்லை. ஆனால் கொடையன்று இந்த ஐம்பத்தேழையும் புளி போட்டுத் துலக்கிக் கோயில் முன் பரப்பும்போது எங்கள் தலை சற்று நிமிர்ந்துதான் இருக்கும்.

5. 1944 ஏப்ரல் 14ஆம் தேதி துறைமுகத்தில் கப்பல் வெடித்ததைத் தாங்கள் அறிவீர்கள். வீடிழந்தவர்களுக்காகச் சயான் பக்கத்து மைதானத்தில் முகாம் போட்டார்கள். அரிசி வந்தது, விறகு வந்தது. சமைக்கப் பாத்திரம் இல்லை. யாரும் எங்களைக் கேட்கவில்லை. நாங்களே இரண்டு கைவண்டிகளில் ஐம்பத்தேழையும் ஏற்றிக்கொண்டு போனோம். ஏறக்குறைய நான்கு மாதம் எங்கள் பெண்கள் முறை வைத்து அங்கே சமைத்தார்கள். இதை உபகாரக் கணக்கில் எழுதவில்லை. நடந்தது இது என்று சொல்கிறேன்.

6. இப்போது எங்கள் தவற்றைச் சொல்கிறேன். முகாம் எழுத்தர் ரசீது எழுதித்தர முன்வந்தார். பாத்திர அறைச் சாவியை வைத்திருக்கும் கோமதியம்மாள் அதை வாங்க மறுத்தார். அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன்: “பேரு வெட்டிக் கெடக்குல்லா ஐயா, சீட்டு எதுக்கு? எங்க போனாலும் எங்க பேரச் சொல்லிட்டு வந்துரும்.” ஊர்ப் பாத்திரத்துக்குச் சீட்டு வாங்குவது எதிராளியைத் திருடன் என்பதற்குச் சமம் என்பது எங்கள் எண்ணம். அன்று உடனிருந்த நானும் அவரைத் தடுக்கவில்லை. உள்ளதைச் சொன்னால், அவர் மறுத்தது எனக்குப் பெருமையாகவே இருந்தது.

7. முகாம் கலைந்த நாள் நாங்கள் வேலைக்குப் போயிருந்தோம். எல்லாச் சாமான்களோடும் எங்கள் பாத்திரங்களும் பண்டகசாலைக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே பதிவு செய்தவருக்குத் தமிழ் தெரியாது. ஆகையால் பட்டியலில் ‘சித்திர வேலைப்பாடு உள்ள பாத்திரங்கள், உரிமையாளர் தெரியவில்லை’ என்று எழுதியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பெயரும் வருஷமும் நெற்றியில் எழுதிக்கொண்டு நிற்கிறவர்களை அநாதைகள் என்று எழுதியிருக்கிறார் என்பது மட்டுமே எங்கள் வருத்தம். அதன்பின் இச்சந்தில் ஒன்பது கல்யாணங்கள் நடந்துவிட்டன. ஒன்பது புதுப் பாத்திரங்கள் பெயரில்லாமல் மொட்டையாகக் காத்திருக்கின்றன. மூத்தவை வீடு திரும்பாமல் இளையவற்றில் உளி படக்கூடாது என்பது கோமதியம்மாளின் உத்தரவு; அதை மீற எனக்குத் தைரியம் இல்லை.

8. ரசீது இல்லை என்றாலும் சாட்சி இல்லாமல் போகவில்லை. முகாமில் மிஸ் ஆலிஸ் பெக் என்ற ஆஸ்திரேலிய நர்ஸ் சேவை செய்தார். பாத்திரக் கழுத்தில் இருப்பது என்னவென்று ஒருநாள் அவர் கேட்க, கோமதியம்மாள் அவர் விரலைப் பிடித்து எழுத்துகளின்மேல் நடத்தி, ஒவ்வொரு பெயருக்கும் உரியவரைக் கூப்பிட்டு எதிரே நிறுத்திக் காட்டினார். அதைக் கண்டதும் அந்த நர்ஸ் அம்மாள் மெல்லிய காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பன்னிரண்டு பெயர்களைப் பிரதி எடுத்துக்கொண்டார். யுத்தம் முடிந்து ஊர் திரும்பியபின் ஒரு கடிதமும் அப்பிரதிகளில் பதினொன்றும் அனுப்பியிருக்கிறார். இரண்டையும் இணைத்துள்ளேன். என் உளியின் பள்ளம் அவற்றில் தெளிவாகத் தெரிகிறது.

9. கடிதத்தின் சாரத்தை என்னாலியன்ற தமிழில் தருகிறேன். அவருடைய ஊர் பில்லரூ என்ற சிற்றூர். நானூறு பேர், சுற்றிலும் கோதுமை வயல், வாரத்துக்கு இரண்டு ரயில், தகரக் கூரை போட்ட ஒரு பொது மண்டபம். மண்டபத்தில் விருந்து என்றால் ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் ஒரு தட்டில் பலகாரம் கொண்டுவர வேண்டுமாம். தட்டின் அடியில் பிளாஸ்திரி ஒட்டிப் பெயர் எழுதியிருக்குமாம். ஒருமுறை ஆற்றில் வெள்ளம் வந்தபோது அத்தனை தட்டுகளையும் கீழ்க்கரை ஊருக்குக் கொடுத்தார்கள். பெயரைப் பார்த்துப் பார்த்து அத்தனையும் வீடு வந்து சேர்ந்தன. போதாததற்கு, கீழ்க்கரைக்காரர்களின் தட்டு ஒன்றும் கூடவே வந்துவிட்டதாம். அதைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் இன்றுவரை வருஷத்துக்கொரு விருந்து நடக்கிறது, தட்டு மட்டும் திரும்பவில்லை என்று எழுதியிருக்கிறார். இதைக் கூட்டத்தில் வாசித்தபோது எங்கள் பெண்கள் சிரித்த சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. கடலுக்கு அப்பால் நமக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள் என்றார் கரீம் பாட்சா.

10. பன்னிரண்டாவது பிரதியை அந்த அம்மாள் அனுப்பவில்லை. காரணம் எழுதியிருக்கிறார். அதைத் தங்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். அது ‘பூலோகம் – பேராச்சி, 1931’ என்று நான் வெட்டிய செம்பு அண்டா. பூலோகம் வெடிப்பு நடந்த அன்று துறைமுகத்துக்குள் சுமை இறக்கப் போனவர்; திரும்பவில்லை. உடல் கிடைக்கவில்லை. அன்றன்றைக்கு எடுக்கும் கூலி என்பதால் எந்தப் பட்டியலிலும் பெயர் ஏறவில்லை. போட்டோ கிடையாது. மூன்றாம் நாள் பேராச்சி முகாமுக்கு வந்து, அந்த அண்டாவின் முன் நின்று, தானே சோறு அள்ளிப் போட்டார். முறை முடிந்த பிறகும் அவர் வேறொருவர் கையில் கரண்டியைக் கொடுக்கவில்லை.

11. பில்லரூ மண்டபச் சுவரில் ஒரு பலகை இருக்கிறதாம். முதல் யுத்தத்துக்குப் போய்த் திரும்பாத அவ்வூர்ப் பிள்ளைகளின் பெயர்கள் அதில் உண்டு. அவர்களில் சிலருக்கும் உடல் கிடைக்கவில்லை. வருஷத்துக்கு ஒருநாள் ஊரே எழுந்து நிற்க, பெயர்களை வாசிப்பார்கள். அப்பலகைக்குக் கீழே பூலோகத்தின் பெயர்ப் பிரதியைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பதாகவும், அவர் பெயரையும் சேர்த்து வாசிக்கக் கூட்டம் தீர்மானித்திருப்பதாகவும், உச்சரிப்பு சரியாக வராததற்கு மன்னிக்கும்படியும் அந்த அம்மாள் எழுதியிருக்கிறார். ஐயா, இந்தப் பம்பாயில் அவர் பெயர் எழுதியிருப்பது அந்த அண்டாவில் மட்டும்தான். அது 21ஆம் தேதி ஏலம் போய், 22ஆம் தேதி உலையில் உருகும்.

12. நாங்கள் நஷ்டஈடு கேட்கவில்லை. கொடுத்ததற்குப் பாராட்டும் கேட்கவில்லை. ஏலத்தை நிறுத்திவைத்து, தாங்கள் ஒரே ஒரு முறை நேரில் சாமான் கிடங்குக்குள் வந்து பாத்திரங்களின் கழுத்தை வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். நான் உளியோடு வருகிறேன். வாசித்த பெயருக்குரிய குடும்பம் வாசலில் நிற்கும்.

13. கடைசியாக, திருப்பித் தரும் ஒழுங்கைப் பற்றி ஒரு வார்த்தை. பேராச்சி கூட்டத்தில் எழுந்து, “எல்லாரு ஏனமும் மொதல்ல வந்து சேரட்டும். பொறவு எங்க அண்டாவ வாங்கிக்கிடுதேன். அந்த மனுசன் இருந்தாலும் அப்படித்தாஞ் சொல்லுவாவ” என்றார். இதை மனுவில் எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன். ஆனால் ஊர்க் கூட்டம் இதை ஏற்கவில்லை. இம்முப்பத்தைந்து வருஷத்தில் ஒரு மறுப்பும் இல்லாமல் நாங்கள் நிறைவேற்றிய தீர்மானம் இது ஒன்றே: அந்த அண்டா முதலில் வெளியே வர வேண்டும். தாங்கள் பூலோகம் என்று உரக்க வாசித்து அதைக் கொடுக்க வேண்டும். நாங்கள் அத்தனை பேரும் எழுந்து நிற்போம்.

இப்படிக்கு,
தங்கள் உத்தரவை எதிர்பார்க்கும்,
சு. வானமாமலை
(ஊர்க் கூட்டத்தாருக்காக)

இடம்: தாராவி
தேதி: 7-1-1946, பார்த்திப வருஷம் மார்கழி மாதம்

இணைப்பு: மிஸ் ஆலிஸ் பெக் அவர்களின் கடிதம், பெயர்ப் பிரதிகள் பதினொன்று, நூற்று நாற்பது வீட்டாரின் கையெழுத்தும் கைநாட்டும்.