பலகையில் ஏறிய புடவை

என் அன்பு வீட்டுக்காரிக்கு,

நான் சுகம். அத்தைக்கும் மாமாவுக்கும் என் வணக்கத்தைச் சொல். அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா? இங்கே பல் கிட்டும் குளிர், மற்றபடி குறையில்லை.

எங்கள் பட்டறைச் சுவரில் 'உறிஞ்சி' என்று தலைப்பிட்ட பலகை ஒன்று உண்டு. ஈரத்தை இழுத்துக்கொள்ளும் எதற்கும் அதுதான் பெயராம். மரத்தூள், மணல், பஞ்சு என்று ஃபோர்மேன் நம் மொழியிலேயே எழுதி வைத்திருக்கிறார். உப்பு ஜாடியில் நீ போடும் அரிசி முடிச்சும் உறிஞ்சிதான். பெயர் தெரியாமலே நீ அதில் கைதேர்ந்தவள்!

திங்கட்கிழமை என் மெஷினின் குழாய் கழன்று, தண்ணீர் கரண்ட் பெட்டிப் பக்கம் ஓடியது. பயப்படாதே, ஒன்றும் ஆகவில்லை. புத்தம்புதுத் துண்டுகளை அள்ளிப் போட்டேன். அவை தண்ணீரைத் தள்ளினவே தவிர குடிக்கவில்லை. கழுத்தில் கிடந்த உன் பழைய புடவைத் துண்டைப் போட்டேன். பிழியப் பிழிய மடமடவென்று குடித்தது!

"புதுத்துணியில கஞ்சி இருக்கும்யா, தண்ணி இறங்காது. இது யாரு குடுத்தது?" என்றார் ஃபோர்மேன்.

"வீட்டுல குடுத்துவிட்டாங்க, சார்."

"அப்ப அவங்களைத்தான் வேலைக்கு எடுத்திருக்கணும்!" என்று சிரித்தவர், பலகையின் கடைசி வரியாகப் 'பழம்புடவை' என்று எழுதிவிட்டார்.

துண்டு பட்டறையிலேயே தங்கிவிட்டது. இன்னொன்று அனுப்பு. ராத்திரி தலையணைமேல் அதைத்தான் விரித்துக்கொள்வேன். இங்கே கொடுத்த உறை வழுவழுவென்று இருக்கிறது, ஒரு சொட்டுகூட உறிஞ்சாது.

சங்கு ஊதிவிட்டது. வேறொன்றும் நினைக்காதே, வியர்வைக்குத்தான் கேட்கிறேன்.

உன்னுடையவன்