மஞ்சள் டேப் ஒட்டிய இடம்

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். தகரக் கூரை இருந்தும் கோர்ட்டின் கிழக்கு ஓரம் நனைந்துவிட்டது. சாக்கு போட்டுத் துடைத்தோம்.

வாங்க வேண்டியவை: விசில் (பழசு துரு), முட்டிக்குத் தைலம், பந்துக்குக் காற்றடிக்கும் ஊசி இரண்டு.

நேற்றும் நம் பனியன் கம்பெனி பாஸ்கெட்பால் டீமுக்குத் தோல்வி. தொடர்ந்து ஐந்தாவது. பாயின்ட் போடுவதில் குறையே இல்லை. தடுப்பதில்தான் மானம் போகிறது. எதிர் டீம் பயல்கள் எல்லாரும் நம் கூடைக்கு இடது பக்கமாகவே வந்து போட்டுவிட்டுப் போகிறார்கள். கல்யாண வீட்டு வாசலில் நின்று வாங்க வாங்க என்று கூப்பிட்ட மாதிரி.

முதலாளி கட்டிங் செக்‌ஷனிலிருந்து நேராகக் கோர்ட்டுக்கு வந்தார். சட்டையெல்லாம் பஞ்சுத் தூசு. கத்தியிருந்தால் தேவலை, கத்தவில்லை.

"ஏனுங்க மாஸ்டர், செல்வராசு போனதுக்கப்புறம் நம்ம டிஃபென்ஸ் ஏன் இப்படி ஆயிப்போச்சு? சனிக்கிழமைக்குள்ள காரணத்த எழுதிக் குடுத்துருங்க."

பிறகு காரணத்தையும் அவரே சொன்னார். கூடைக்கடியில் நிற்கிற புது சென்டர் தீபக்குக்குத் தமிழ் வராது, ஆட்டத்தில் சத்தம் கொடுக்க மாட்டேன் என்கிறான், அதுதானே என்றார். அதையே நான் எழுதிக் கொடுத்தால் திங்கட்கிழமை அவன் மறுபடியும் பேக்கிங் மேசையில் நிற்பான். பீகாரில் காலேஜ் டீமில் ஆடியவன், இங்கே அட்டைப்பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தான். உயரத்தைப் பார்த்து டீமுக்குக் கூட்டி வந்தவன் நான்.

செல்வராசு என்று முதலாளி சாதாரணமாகச் சொல்லிவிட்டார். எனக்கு அந்தப் பெயரை முழுதாக எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. இதை மட்டும் எப்படியோ எழுதிவிட்டேன். இனி செ. போதும்.

நவம்பர் 5, புதன்

நல்ல வெயில். கேஸ் புக் பண்ண மறந்து வீட்டில் திட்டு.

மத்தியானம் முழுக்கக் கடைசி இரண்டு மேட்ச் வீடியோ. பார்த்தவை:

– பந்து வைத்திருக்கும் எதிராளி, முன்னால் தடுக்கிற நம் கார்த்தியைத் தாண்டுகிறான். கார்த்தி துரத்துவதில்லை. வேறு ஆளைப் பிடிக்க ஓடிவிடுகிறான்.

– தீபக் எப்போதும் நிற்க வேண்டிய இடத்துக்கு ஓரடி வலது பக்கம். எந்த ஊர்க் கோர்ட்டாக இருந்தாலும் அதே ஓரடி. கை எட்டுவதில்லை.

– மற்ற நாலு பேர் தலையும் ஒரே பக்கம் திரும்புகிறது. அங்கே யாருமே இல்லை.

மூன்றாவதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அது செ. நிற்கும் இடம். கார்த்தியை எவனாவது தாண்டினால் அங்கிருந்து செ. குரல் கொடுப்பான், "உடு, நா இருக்கறன்" என்று. கார்த்தி "சரிங்கண்ணா" என்று சொல்லிக்கொண்டே அடுத்த ஆளுக்கு ஓடுவான். ஆறு வருடப் பழக்கம். குரல் நின்று இரண்டு மாதம் ஆகிவிட்டது. இவன் இன்னும் ஓடுகிறான்.

சாயங்காலம் கார்த்தியைத் தனியாகக் கூப்பிட்டு, ஏன் ஆளை விடுகிறாய் என்று கேட்டேன்.

"அண்ணன் இருப்பாருன்னு உட்டுட்டனுங்க மாஸ்டர்."

சொல்லிவிட்டுக் குனிந்து, நன்றாகக் கட்டியிருந்த ஷூ லேஸை அவிழ்த்து மறுபடி கட்டினான்.

நவம்பர் 6, வியாழன்

மாலையில் நல்ல மழை. தகரத்தில் விழுகிற சத்தத்தில் விசில்கூடக் கேட்கவில்லை.

பயிற்சிக்கு முன்னால் தோளில் கை போட்டு வட்டமாக நிற்போம். செப்டம்பரிலிருந்து வட்டத்தில் ஓர் ஆள் இடம் காலி. நான்தான் ஆரம்பித்தேன். அவனுக்கு ஒரு மரியாதை என்று நினைத்தேன். இரண்டு பக்கமும் நிற்பவர்களின் கை காற்றில் அப்படியே இருக்கும், அவன் தோள்மேல் போட்ட மாதிரி. இன்று அதைப் பார்க்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டேன்.

யாருடைய பையிலோ போன் அடித்தது. கையிலிருந்த பந்தைக் கீழே போட்டுவிட்டேன். எல்லாரும் பார்த்தார்கள். வயசாகிறது என்று சிரித்துச் சமாளித்தேன்.

இந்த நோட்டிலாவது எழுதுகிறேன். செ. போன அன்றைக்கும் இதே மழை. ஆறு மணிக்குப் பயிற்சி முடிந்தது. செ. அன்று கொஞ்சம் மந்தம். மற்றவர்களை அனுப்பிவிட்டு அவனை மட்டும் நிறுத்தினேன். பையில் போன் விடாமல் அடித்தது. ஊட்ல கூப்படறாங்க மாஸ்டர் என்றான். இன்னும் பத்து நிமிஷம் என்றேன். அரை மணி நேரம் ஆக்கினேன். மெயின் ரோடு திருப்பத்தில் தண்ணீர் லாரி.

எழவு வீட்டில், சேவூரில், அவன் மனைவி என்னிடம் சொன்னது: "மழ நிக்கட்டும்னு கெளம்பாம இருந்திருப்பாருங்க. அதான் லேட்டு." நான் தலையாட்டினேன். மனுஷனா நான்?

நவம்பர் 7, வெள்ளி

வானம் மூட்டம், மழை இல்லை. தைலம் வாங்கியாயிற்று. விசில் மறந்துவிட்டேன்.

முதலாளிக்கு எழுத உட்கார்ந்தேன். "புதிய சென்டருக்கு மொழி தெரியாத காரணத்தால்" என்பதுவரை எழுதினேன். எழுதச் சுலபமாகத்தான் இருந்தது. அதுவே அருவருப்பாக இருந்தது. பேனாவை மூடிவிட்டுக் கோர்ட்டுக்குப் போனேன்.

தீபக் தனியாகப் பந்து போட்டுக்கொண்டிருந்தான். கூடைக்கு இடது பக்கத்தில் செ. தன் இடத்துக்கு அடையாளமாக ஒட்டிய பேக்கிங் டேப் துண்டு இன்னும் இருக்கிறது, மஞ்சள். கோர்ட் பெருக்குகிற அம்மாகூட அதைச் சுற்றித்தான் பெருக்குகிறது. தீபக் பந்தோடு ஓடிவந்து, டேப்பிடம் வந்ததும் கால் மாற்றித் தள்ளி நின்றான். மறுபடி ஓடிவந்தான், மறுபடி தள்ளி நின்றான். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. ஏன்டா அங்கே நிற்க மாட்டேன் என்கிறாய், முள்ளா இருக்கிறது என்று கத்தினேன்.

அவன் பயந்துபோய் என்னைப் பார்த்தான்.

"மாஸ்டர் சொன்னாரு. மஞ்சள் மேல நிக்காத. முதல் நாள்."

சொன்னேன். சத்தியமாகச் சொன்னேன். முதல் நாள் அவன் தெரியாமல் டேப்மேல் நின்றபோது, அங்கே நிற்காதே என்று வெறி பிடித்தவன் மாதிரி கத்தினேன். மறுநாளே எனக்கு மறந்துவிட்டது. அவன் இரண்டு மாதமாக எல்லா ஊரிலும் அதைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறான். டீமுக்கு ஓட்டை போட்டவன் அவன் இல்லை. வட்டத்தில் ஒரு ஓட்டை, கோர்ட்டில் ஒரு ஓட்டை, இரண்டும் என் கையால்.

டீ சாப்பிடலாம் வா என்றேன். வந்தான்.

நவம்பர் 8, சனி

வெயிலும் தூறலும் மாறி மாறி.

முதலாளிக்குக் கொடுத்த தாளில் இரண்டே வரி. ஆள் நிற்க வேண்டிய இடத்தில் ஆளை நிற்க விடாதது பயிற்சியாளரின் தவறு. தீபக் மேல் குற்றம் இல்லை. படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார், மடித்துப் பையில் வைத்தார். நாளைக்குப் பாக்கலாமுங்க என்று மட்டும் சொன்னார்.

மாலை வட்டம். வழக்கம்போல் காலி இடம். தீபக்கின் கையைப் பிடித்துக் கொண்டுபோய் அதில் நிறுத்தினேன். காற்றில் இருந்த கைகள் இறங்க வழியில்லாமல் அப்படியே நின்றன. சொல்லாமல் முடியாது என்று தோன்றியது. சொன்னேன், அன்றைக்கு அவனை அரை மணி நேரம் நிறுத்தி வைத்தது நான்தான் என்று.

கார்த்திதான் முதலில் பேசினான்.

"தெரியுமுங்க மாஸ்டர். நாங்க கேட் பக்கத்துல நின்னு டிரெஸ் மாத்திட்டிருந்தம். போன் அடிச்சது எங்களுக்கும் கேட்டுச்சு. உட்டுருங்க மாஸ்டர்னு ஒருத்தனும் வந்து சொல்லல."

அப்படியானால் இரண்டு மாதமாக வட்டத்தில் எல்லாருமே இதைத்தான் சுமந்துகொண்டு நின்றிருக்கிறோம். கார்த்தி கையை தீபக் தோளில் இறக்கினான். அந்தப் பக்கத்துக் கையும் இறங்கியது.

டேப்பின் ஓரம் பெயர்ந்திருந்தது. நான் சொல்லாமலே தீபக் பேக்கிங்கிலிருந்து ஒரு ரோல் கொண்டுவந்து அதன்மேல் புதிதாக ஒட்டினான். வளையாமல் ஒரே இழுப்பில் ஒட்டினான். பிறகு என்னைப் பார்த்தான். நில்லு என்றேன்.

நவம்பர் 9, ஞாயிறு

சொந்தக் கோர்ட்டில் மேட்ச். மழை இல்லை. முதலாளி முதல் வரிசை. விசில் கடைசிவரை வாங்கவில்லை.

மூன்று பாயின்ட்டில் தோற்றோம். ஆனால் இடது பக்கம் பாதிக்குமேல் அடைத்துவிட்டது. முதலாளி போகும்போது தீபக்கைப் பார்த்து, நாளைக்கு எத்தனை மணிக்குப் பயிற்சி என்று கேட்டார். பேக்கிங் பற்றிப் பேசவில்லை.

கடைசி குவார்ட்டர். அவர்களுடைய குட்டைப் பயல் கார்த்தியைத் தாண்டிவிட்டான். நான் கண்ணை மூடப் போனேன். டேப்மேல் நின்றுகொண்டு தீபக் கத்தினான், பீகார்த் தமிழில், எந்தப் பழைய மேட்ச் வீடியோவைப் பார்த்துப் படித்தானோ:

"உடு, நா இருக்கறன்."

கார்த்தி அவனைவிட நாலு வயசு மூத்தவன். திரும்பிப் பார்க்காமல் அடுத்த ஆளுக்கு ஓடினான், ஓடிக்கொண்டே சொன்னான்:

"சரிங்கண்ணா."

பெஞ்சில் யாரும் சிரிக்கவில்லை.

நாளை விடியற்காலை பஸ்ஸில் சேவூர். செல்வராசு வீட்டுக்கு.