காலியான இரண்டாம் பெயர்

ஜூலை 2, செவ்வாய்

மதியச் சோறு இறங்கவில்லை. மருத்துவமனை எக்ஸ்ரே பிரிவில் ஒன்பது வருடமாகப் படங்களைக் கணினியில் ஏற்றி அடுக்குகிறேன். இன்று எங்கள் பிரிவுத் தலைவி ரெட்னோ அம்மா கூப்பிட்டார். டிஸ்க் நிரம்பிவிட்டதாம். ஐந்து வருடமாக வராதவர்களின் படங்களை மாதக் கடைசிக்குள் அழிக்க வேண்டும்.

"கையால அழிச்சா ஒரு வருஷம் ஆகும் துமினி. அந்தக் கறுப்புத் திரையில கட்டளை எழுதி ஓட்டணுமாம். உன்னால முடியலன்னா வெளிக் கம்பெனி வரும். அப்புறம் உன் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கச் சொல்லி நான் வாயே திறக்க முடியாது."

சரிங்கம்மா என்று வந்துவிட்டேன். என்ன சரி? எனக்கு என்ன தெரியும்?

ஜூலை 4, வியாழன்

செமாராங்கில் கணினி வேலை பார்க்கும் சித்தி மகன் பகாஸ் போனில் சொல்லித்தருகிறான். umur = 5 என்று அடித்தேன்; umur என்றால் எங்கள் மொழியில் வயது. umur என்றொரு கட்டளையே இல்லை என்றது திரை.

"அக்கா, சமன் குறிக்கு ரெண்டு பக்கமும் இடம் விடாத. விட்டா umur-ஐக் கட்டளைன்னு நினைச்சுக்கும்."

ஓர் இடைவெளிக்கு இவ்வளவு ரோஷமா! if என்று திறந்தால் fi என்று திருப்பிப் போட்டு மூட வேண்டுமாம். ஆனால் for-க்கு rof இல்லை, done. ஏன்டா என்றால், "அது அப்படித்தான்க்கா" என்கிறான். இதெல்லாம் ஒரு பதிலா?

ஜூலை 5, வெள்ளி

umur-க்கு முன்னால் டாலர் குறி போட மறந்தேன். வயதைக் கேட்டால் 5 என்று சொல்லாமல் umur, umur என்றே காட்டியது. அரை நாள் போச்சு.

ஜூலை 9, செவ்வாய்

எழுதிவிட்டேன்! முதல் பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் இரண்டாம் பெயரில் ஒன்று — எங்கள் படங்கள் அப்படித்தான் இருக்கின்றன. நோயாளிப் பதிவேட்டிலிருந்து எடுத்த, வராதவர்களின் பட்டியலைக் கட்டளை வரிவரியாகப் படிக்கும். முதல் பெயரை $awal-இலும் இரண்டாவதை $akhir-இலும் வைத்துக்கொண்டு, அந்த உள் ஃபோல்டரை அழிக்கும்.

என் பெயரிலேயே சோதித்தேன். எனக்கு ஒற்றைப் பெயர்தான். ஊழியர் பதிவு காலியிடத்தை ஏற்காததால் அடையாள அட்டையில் 'துமினி துமினி' என்று இருக்கும். அந்தப் பெயரில் ஒரு காலி ஃபோல்டர் செய்து கொடுத்துப் பார்த்தேன். துமினிக்குள் துமினி மட்டும் அழிந்தது, பக்கத்திலிருந்த துமினி லெஸ்தாரி என்ற நோயாளியின் படங்கள் பத்திரமாக இருந்தன. இரண்டு கிண்ணம் சோத்தோ சூப் சாப்பிட்டேன்.

ஜூலை 11, வியாழன்

ஓட்டினேன். நகல் எடுத்து வைக்க டிஸ்க்கில் இடமில்லை. நாலு நிமிஷத்தில் முடிந்தது.

ஜூலை 12, வெள்ளி

ஐயோ.

காசநோய்க்கு மருந்து எடுக்கும் வாகிமான் ஹாடி வந்தார். பழைய படத்தோடு ஒப்பிட வேண்டும் என்றார் டாக்டர். தேடினேன். ஹாடி இல்லை. வாகிமான் என்ற ஃபோல்டரே இல்லை.

பட்டியலில் வெறும் 'வாகிமான்' ஒருவர். ஏழு வருடமாக வராதவர். நோயாளிப் பதிவேட்டில் ஒற்றைப் பெயர்க்காரர்களுக்கு இரண்டாம் இடத்தைக் காலியாகவே விடுவார்கள். $akhir-இல் ஒன்றுமில்லை. அதனால் உள்ளே போகாமல் மொத்த வாகிமான்களையும் துடைத்துவிட்டது. இப்படி இருபத்தாறு ஃபோல்டர் போச்சு. ஒத்தப் பேர்க்காரி நானே ஒத்தப் பேர்க்காரங்கள மறந்துட்டேனே! எனக்கு அறிவு எங்க போச்சு?

டாக்டரிடம் கணினி மெதுவாக இருக்கிறது என்றேன். பொய். பகாஸும், "டிஸ்க் கெட்டுப்போச்சுன்னு சொல்லிடுக்கா, யாருக்குத் தெரியும்?" என்கிறான். வாகிமான் ஹாடி பெஞ்சில் இருமிக்கொண்டே, "அவசரமில்லம்மா, நான் காத்திருக்கேன்" என்றார். அந்த மனுஷன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கடைசியில் அவரே, "வீட்டுல மெத்தைக்கடியில பழைய ஃபிலிம் கிடக்கு, அது ஆகுமா?" என்று கேட்டார்.

ஜூலை 13, சனி

ரெட்னோ அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"டிஸ்க் கெட்டுதுன்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பேன்டி. இப்ப டைரக்டர்கிட்ட என்னன்னு சொல்றது?" பிறகு, "சிகிச்சையில இருக்கறவங்க எத்தனை பேர்?"

முப்பத்தெட்டு.

"வண்டிய எடு. ஒவ்வொரு வீடா போ. எல்லாரும் ஃபிலிமை வெச்சிருப்பாங்க, வாங்கிட்டு வந்து ஸ்கேன் பண்ணி ஏத்து."

ஜூலை 22, திங்கள்

இருபத்தொன்பது கிடைத்தது. ஒன்று அலமாரிக்குப் பின்னால். ஒன்றை வெயிலுக்கு மறைப்பாக ஜன்னலில் ஒட்டியிருந்தார்கள். உரித்துத் தரச் சொல்லிக் கெஞ்சினேன். முதுகு விட்டுப்போகிறது.

ஜூலை 31, புதன்

முப்பத்து நான்கு. நாலு பேரிடம் ஃபிலிம் இல்லை. டைரக்டர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். ஒப்பந்தம் ஒரு வருடத்துக்கில்லை, மூன்று மாதத்துக்கு. ரெட்னோ அம்மா போராடி வாங்கியது.

அந்த நாலு பேரிடம் நானே சொல்ல வேண்டும் என்பது உத்தரவு. இன்று சுகிரா அம்மாளிடம் சொன்னேன். திட்டவில்லை. "அப்ப எனக்குத் தேறுதா இல்லையான்னு எதை வெச்சுப் பார்ப்பாங்க?" என்றார்.

திரும்பி வந்து, $akhir காலியாக இருந்தால் தொடாமல் தாண்டிப் போகும்படி ஒரு if சேர்த்தேன். fi போட்டு மூடினேன். பிறகு கட்டளையின் தொடக்கத்துக்குப் போய் # குறி போட்டு நாலு பேரின் பெயரையும் எழுதினேன். # போட்ட வரியைக் கணினி படிக்காது. இனி இதை ஓட்டப் போகிறவர் படிக்கட்டும்.