ஆற்றுக்குக் கார்டியன்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நானும் உன் மாமாவும் உடம்புக்கு நன்றாகவே இருக்கிறோம். போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறாய். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மீதி அங்கேயேதான் இருக்கும். அதனால் எழுதுகிறேன்.

பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிறவளுக்கு ஆற்றோடு என்ன வேலை, அதுவும் தம்பி வேலை பார்க்கும் கம்பெனிக்கு எதிராக, என்று கேட்டாய். விலகிவிடு என்றாய். நான் தினமும் பாலத்தைக் கடக்கிறேன். பாலம் வருவதற்கு முன்பே ஜன்னல்களெல்லாம் படபடவென்று மூடிக்கொள்ளும். உங்கள் கம்பெனியின் சாயக்கழிவு நுரையாகப் பறந்து வந்து முகத்தில் ஒட்டும். ஊர்க்காரர்கள் வழக்குப் போட்டபோது நானும் சேர்ந்துகொண்டேன்.

தடையில்லாமல் ஓடவும் சுத்தமாக இருக்கவும் ஆற்றுக்கும் சட்டப்படி உரிமை உண்டு, அந்த உரிமையை அது கேட்கலாம் என்று கோர்ட் சொல்லிவிட்டது. அதற்கு வாய் இல்லாததால் மைனர் பிள்ளைக்குப் போடுவதுபோல மூன்று கார்டியன்களைப் போட்டார்கள்: ஒரு டாக்டரம்மா, ஒரு மீன்காரர், நான். அம்மா போன பிறகு உன் பள்ளிக்கூடத்தில் போட்ட அதே கையெழுத்தைத்தான் இப்போது ஆற்றுக்குப் போடுகிறேன். பக்கத்து வீட்டுக்காரி கிண்டலாக, "உன் பிள்ளை எப்படி இருக்கு?" என்று ஆற்றுப் பக்கம் கை காட்டுகிறாள். நன்றாக இல்லை என்று சொல்கிறேன்.

விசாரணையில் கம்பெனி வக்கீல், "ஆறு உங்ககிட்ட வந்து பேசுச்சாம்மா?" என்று கேட்டார். "உங்க கம்பெனி உங்ககிட்ட வந்து பேசுச்சா சார்? அதுக்கும் வாய் கிடையாது. ஆனா கோர்ட்ல அதையும் ஒரு ஆளா மதிக்கிறாங்க, அதுக்காக நீங்க பேசுறீங்க. நான் ஆத்துக்காகப் பேசுறேன்" என்றேன். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும்படி நீதிபதி கடிந்துகொண்டார். ஆனாலும் அன்று மாலையே கழிவுக் குழாய்க்குச் சீல் வைக்க உத்தரவு வந்தது.

குழாயை மூடியதும் கம்பெனி சாயப் பிரிவையே மூடிவிட்டது. அந்தப் பிரிவில் இருந்த உன் மாமாவுக்கும் வேலை போனது. அவரோடு வேலை பார்த்தவர்கள் என் பஸ்ஸில் ஏறினால் சில்லறையை என் கையில் தராமல் சீட்டில் வைக்கிறார்கள். கழிவைச் சுத்தம் செய்ய மெஷின் போடுவதைவிட ஆட்களை வெளியே அனுப்புவது கம்பெனிக்கு மலிவு. அதைச் சொன்னால் கேட்கிற நிலையில் யாரும் இல்லை. மாமாவும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிடுவார்.

போன ஞாயிற்றுக்கிழமை மேனேஜர் வீட்டுக்கே வந்தார். கார்டியன் பொறுப்பிலிருந்து நான் விலகிக்கொண்டால் மாமாவுக்கு வேறு பிரிவில் வேலை, உனக்குப் பதவி உயர்வு என்றார். கையெழுத்துப் போட வேண்டிய தாளை என்னிடம் தராமல் மாமாவிடம் நீட்டி, "நீங்க சொன்னா கேப்பாங்க" என்றார். மாமா சாயம் ஏறிய கையைத் துண்டில் துடைத்தாரே தவிர நீட்டவில்லை. "கார்டியன் அவதான். எங்கிட்ட ஏன் நீட்டுறீங்க?" என்றார். மேனேஜர் மறுபடி ஆரம்பித்ததும், "காபி ஆறுது, குடிச்சிட்டுக் கிளம்புங்க" என்றார்.

மேனேஜர் போன பிறகு, "நாளைக்கு உனக்கு எத்தனை மணிக்கு டூட்டி?" என்று மாமா என்னைக் கேட்டார். அவ்வளவுதான் பேசினார். எனக்கு அது போதும்.

ஆகவே நான் விலகப் போவதில்லை. அடுத்த விசாரணைக்கும் போவேன். நெரிசலில் கத்திக் கத்திப் பழகிய தொண்டை இது, ஒரு வக்கீலுக்கு அடங்காது.

உன் பதவி உயர்வு என்னால் தள்ளிப்போகும் என்று தெரியும். ஆபீசில் கேட்டால், அக்கா சொன்ன பேச்சு கேட்கமாட்டாள், எங்களுக்குள் பேச்சுவார்த்தையே இல்லை என்று தாராளமாகச் சொல். நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன். வேளாவேளைக்குச் சாப்பிடு. நீ ஆசைப்பட்டதெல்லாம் உனக்குக் கிடைக்கட்டும்.

விலகச் சொல்லி மேனேஜர் கேட்டார், தெருவே கேட்டது. முடியாது என்று சொல்ல எனக்கு நாக்கு கூசவில்லை. நீ மட்டும் இன்னொரு முறை கேட்காதே, தம்பி.

என்றும் உன்
அக்கா