இடலீனா அம்மையாருக்குக் காது நன்றாகக் கேட்கும்

அனுப்புநர்:
ஒராசியோ வலாதாஸ்,
பள்ளிப் பேருந்து ஓட்டுநர் (ஓய்வு),
ஊர்ப் பாதுகாப்புப் பொறுப்பாளர்,
கீழ்த்தெரு, ஃபோன்டெலா.

பெறுநர்:
நகராட்சித் தலைவர் அவர்கள்,
மொன்டால்வா நகராட்சி,
போர்ச்சுகல்.

பொருள்: ஆகஸ்ட் மாதக் காட்டுத்தீயின்போது எச்சரிக்கப்படாமல் விடப்பட்ட திருமதி இடலீனா ஃப்ரசாவ் அவர்களை முதியோர் இல்லத்துக்கு மாற்றும் ஆணையை ரத்து செய்யவும், அதற்குக் காரணமானவர் மீது நடவடிக்கை எடுக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. சமூக நலப் பிரிவு மேற்படி அம்மையாருக்கு அனுப்பிய ஆணை. 2. எனக்கு வந்த பதக்க விழா அழைப்பிதழ்.

புகாருக்கு உள்ளானவர்: மேற்படி அனுப்புநரே.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

1. புகார் கொடுப்பவனும் புகாருக்கு உள்ளானவனும் ஒருவனே என்பதால் இம்மனுவை எந்தக் கோப்பில் சேர்ப்பது என்று தங்கள் அலுவலர்கள் தயங்கக்கூடும். எந்தக் கோப்பில் வேண்டுமானாலும் சேர்க்கட்டும். மாத முடிவுக்குள் தாங்கள் படித்துவிட வேண்டும் என்பதே என் கவலை. அதற்குள் இடலீனா அம்மையார் வீட்டைப் பூட்டி, சாவியை ஒப்படைத்துவிட்டு, முதியோர் இல்லத்துக்குப் போயாக வேண்டுமென ஆணை சொல்கிறது.

2. அவசர காலத்துக்கு ஆயத்தமாக இருப்பதில் என் குடும்பத்தை மிஞ்ச ஃபோன்டெலாவில் ஆளில்லை என்பதைத் தாங்கள் அறிவீர்கள். வாசல் கதவருகே எப்போதும் இரண்டு பைகள் இருக்கும். வீட்டுப் பத்திரங்கள், மாத்திரைகள், தண்ணீர், டார்ச், ரேடியோ, பேரனுக்குப் பால்பொடி, எல்லாம் அவற்றில் உண்டு. வண்டியை எப்போதும் ஊரைவிட்டு வெளியேறும் திசையைப் பார்த்தே நிறுத்துவேன். மே மாத ஒத்திகையில் என் வீட்டார்தான் முதலில் தேவாலய முற்றத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அப்போது எடுத்த புகைப்படம் இன்றும் தங்கள் அலுவலக நடையில் மாட்டியிருக்கிறது. அதைத் தயவுசெய்து கழற்றிவிடுங்கள்.

3. ஒத்திகை முடிந்த அன்று ஆரஞ்சு நிற மேலங்கியையும் ஒலிபெருக்கியையும் தாங்களே என் கையில் கொடுத்து, ஊரில் ஒரு வீடு விடாமல் தட்டி எழுப்புவது என் பொறுப்பு என்றீர்கள். நானும் பெருமையாகத் தலையாட்டினேன். முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவன் நான். ஒரு பிள்ளையைக்கூட விட்டுவிட்டு வண்டியை எடுத்ததில்லை. சிறுவயதில் என் வண்டியில் பள்ளிக்குப் போன தாங்களே அதற்குச் சாட்சி. ஒற்றைக் காலணியைத் தேடிக்கொண்டு தாங்கள் வீட்டுக்குள் ஓடிய காலைகளில் எல்லாம், நான் திட்டிக்கொண்டேனும் வாசலில் காத்திருந்தேன்.

4. சம்பவ நாள் மதியம் தைலமரக் காட்டின் பக்கம் புகை கிளம்பியதும் மேல்தெரு வீடுகளை ஒவ்வொன்றாகத் தட்டினேன். அதுவரை நான் செய்ததில் குறையில்லை. பிறகு என் வீட்டாரை ஏற்றிக்கொள்ளக் கீழ்த்தெருவுக்கு வந்தேன். எங்கள் வீட்டைத் தாண்டி, வளைவுக்கு அந்தப் பக்கம், இறக்கத்தில் ஒரே ஒரு வீடுதான் மிச்சம். அது இடலீனா அம்மையாருடையது. காற்று திரும்பிவிட்டது. பேரன் வண்டிக்குள் வீறிட்டு அழுதான். மகள் ரக்கேல், "அப்பா, கிளம்புங்கப்பா" என்று கெஞ்சினாள். ஒலிபெருக்கி வண்டியின் பின்னால் அந்த இரண்டு பைகளுக்கும் அடியில் கிடந்தது. வண்டியோ வெளியேறும் திசையைப் பார்த்து நின்றது. வளைவைப் பார்த்து ஹார்னை நீளமாக அடித்தேன். அப்படியே வண்டியை எடுத்துவிட்டேன்.

5. மேட்டில் ஏறும்போது என் மனைவி தெயோலிந்தா, "இடலீனா அக்காகிட்ட சொல்லிட்டீங்கள்ல?" என்று கேட்டாள். "சொல்லியாச்சு, பின்னாடியே வர்றாங்க" என்றேன். என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை, ஐயா.

6. அன்று மதியம் அந்த அம்மையார், இந்த ஊரில் எல்லோரும் செய்வதுபோல், வெயிலுக்கு ஜன்னல் கதவுகளைச் சாத்திவிட்டுப் படுத்திருந்தார். புகை நெடியில் எழுந்து வெளியே வந்தபோது பாதை தீயால் அடைபட்டிருந்தது. தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி, நனைந்த சாக்கைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு, தீயணைப்பு வீரர்கள் வரும்வரை நின்றிருக்கிறார். சாக்கைப் பிடித்திருந்த இரண்டு புறங்கைகளும் வெந்துபோயின. கோழிக்கூண்டும் கூரையின் ஒரு பகுதியும் எரிந்தன.

7. மருத்துவமனையில் விசாரணைக்கு வந்த அலுவலரிடம் அவர், "ஒராசியோ வந்து தட்டத்தான் செஞ்சான். எனக்குத்தான் காது மந்தம், கேக்கல" என்று சொல்லியிருக்கிறார். அந்த ஒரு வாக்குமூலத்தை வைத்துத்தான் எனக்குப் பதக்கம். அதே வாக்குமூலத்தை வைத்துத்தான் அவர் தனியே வாழத் தகுதியற்றவர் என்ற முடிவும், கூரையைச் செப்பனிடும் உதவி நிறுத்தப்பட்டதும். அது முழுப்பொய். அவர் எனக்காகச் சொன்ன பொய்.

8. அழைப்பிதழ் வந்ததும் வெட்கம் தாங்காமல் அவர் வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன் என்றேன். கட்டுப்போட்ட கையால் ஜாம் பாட்டிலை என் பக்கம் தள்ளி, "மொதல்ல இதத் திறந்து குடு" என்றார். பிறகு, "நீ ஹார்ன் அடிச்சது கேட்டுச்சுப்பா. மீன் வண்டின்னு நினைச்சேன். அதான் வீட்ல மீன் கிடக்கேன்னு திரும்பிப் படுத்துட்டேன்" என்றார். எங்கள் ஊரில் ஹார்ன் என்றால் மீன் வண்டி, இல்லாவிட்டால் ரொட்டி வண்டி. அது தெரிந்தும் அடித்தவன் நான். "ஏன்க்கா எனக்காகப் பொய் சொன்னீங்க?" என்று கேட்டதற்கு, "வண்டியில பச்சப்புள்ள இருந்துச்சுல்ல. ஊருக்குள்ள உன்னய நாலு பேரு காறித் துப்புனா எனக்கு என்ன கூரையா முளைச்சிரும்? மெடல் குடுத்தா வாங்கிக்க, உன் தொப்பைக்கு மேல எடுப்பா இருக்கும்" என்றார். இல்லத்துக்குப் போவது பற்றிக் கேட்டேன். "போறேன். அங்க நேரத்துக்கு சூப்பு குடுப்பாங்களாம்" என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. எரிந்த கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிரான்சில் பிறர் வீட்டுத் தரையைத் துடைத்துத் துடைத்துக் கட்டிய வீடு அது. நான் அங்கே உட்கார்ந்து அழுதேன். என்னை அழவிட்டுவிட்டு அவர் ஜாமைத் தின்றுகொண்டிருந்தார்.

9. வீடு திரும்பி மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "அன்னிக்கு நான் கேட்டதும் பட்டுனு பதில் சொன்னீங்க பாருங்க, அப்பவே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் திரும்பிப் போகச் சொல்லல" என்றாள். அவளையும் இம்மனுவில் சேர்க்கச் சொன்னாள். சேர்க்க மாட்டேன். பொறுப்பு என்னிடம்தான் ஒப்படைக்கப்பட்டது.

10. ஆகவே ஐயா அவர்கள் அருள்கூர்ந்து, இடலீனா அம்மையாரை இடம் மாற்றும் ஆணையை உடனே ரத்து செய்யவும், மழை தொடங்குமுன் அவர் கூரையைச் செப்பனிட உதவவும், என் பதக்கத்தை நிறுத்தவும், என்னைப் பொறுப்பிலிருந்து நீக்கி விசாரிக்கவும் வேண்டுகிறேன். மேலங்கியும் ஒலிபெருக்கியும் இத்துடன் வருகின்றன. அடுத்து நியமிக்கப்படுபவர் கடைசி வீட்டில் தொடங்கித் தன் வீட்டில் முடிக்க வேண்டும் என்று விதியில் ஒரு வரி எழுதிவையுங்கள். தன் குடும்பத்தை வண்டியில் ஏற்றிய பிறகு எந்த மனிதனாலும் இறங்கி நடக்க முடியாது. என்னால் முடியவில்லை.

11. அந்த அம்மையார் தம் வாக்குமூலத்தை மாற்றிச் சொல்ல மறுக்கிறார். எனவே, அவர் செவித்திறனுக்குச் சான்றாக நான் கண்டதை எழுதுகிறேன். நேற்று மாலை அவர் வீட்டு வாசலில் நின்று, கதவை ஒரே ஒரு விரலால் தட்டினேன். அவர் வீட்டுக்குப் பின்னால், தோட்டத்தின் அந்தக் கோடியில், முட்டைக்கோஸுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். "கதவு திறந்துதான் கிடக்கு, உள்ள வாப்பா" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

இப்படிக்கு, தண்டனை எதுவானாலும் மறுப்பின்றி ஏற்கும்,

(ஒப்பம்)
ஒராசியோ வலாதாஸ்

இடம்: ஃபோன்டெலா
நாள்: செப்டம்பர் 19