டிரைவர் மேல் கை வைக்கக் கூடாது

விக்கிரவாண்டி,
வியாழக்கிழமை.

அன்பு மகள் வேணிக்கு அப்பா எழுதிக்கொண்டது. இங்கு நானும் உன் அம்மாவும் உன் தம்பி தேவாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். மஸ்கட்டில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று உன் அம்மா திருவாமாத்தூர் போய் விளக்கு போட்டுவிட்டு வந்தாள். தினம் போனில் முகம் பார்த்துப் பேசுகிற மனுஷனுக்குக் கடிதம் எதற்கு என்று நீ சிரிப்பாய். ஒன்பதாம் வகுப்போடு பேனாவை மூடி வைத்தவன் நான், டோல்கேட்டில் முண்டுகிற லாரி மாதிரி என் எழுத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறும், பொறுத்துக்கொண்டு படி. போனில் பேசினால் உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள், அது ஒன்று. இன்னொன்று, நீ எலும்பு வார்டு நர்ஸ், கேட்ட உடனே பதில் சொல்லிவிடுவாய், உடனே வருகிற பதிலைக் கேட்க எனக்கு இப்போது தைரியம் இல்லை. உன்னோடு வேலை பார்க்கிற திண்டிவனத்து அஸ்வினி லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறாளாம், உன் அம்மா வேர்க்கடலை இடித்துப் பிடித்த மல்லாட்டை உருண்டையோடு இதையும் அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். உருண்டையை முதலில் தின்றுவிடு, கடிதத்தை அப்புறம் படி.

தேவா அனுப்பிய வீடியோவை நீ பார்த்துவிட்டாய். கைதட்டுகிற பொம்மை பத்து அனுப்பியிருந்தாய், சூப்பர் அப்பா என்று எழுதியிருந்தாய். அந்தப் பத்தையும் திருப்பி எடுத்துக்கொள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நடந்ததை முதலில் இருந்து சொல்கிறேன்.

கூட்டேரிப்பட்டு தாண்டி மனை போட்டு விற்காமல் கிடக்கிற பொட்டல் இருக்கிறதே, அங்கே மண் கொட்டி மேடும் பள்ளமும் செய்து போன சனி, ஞாயிறு இரண்டு நாள் கார் ரேஸ் வைத்தார்கள், வெளியூர் கிளப் ஒன்று. கவிழ்கிற வண்டியை இழுக்க நம்ம ரெக்கவரி வண்டியைப் பேசியிருந்தார்கள். எனக்கு ஆரஞ்சுக் கலரில் ஒரு சட்டை மாட்டினார்கள், முதுகில் இங்கிலீஷில் மார்ஷல் என்று இருந்தது. என்னடா அர்த்தம் என்று தேவாவைக் கேட்டேன், மிலிட்டரியில் ரொம்பப் பெரிய ஆள் என்றான். உன் அம்மா பார்த்துவிட்டு, மிலிட்டரியா, கேஸ் சிலிண்டர் போட வந்த ஆளு மாரி கீற என்றாள். ரேஸ் என்றால் எங்கேயோ போய்ச் சேர்வது என்று நினைத்திருந்தேன், இவர்கள் கிளம்பின இடத்துக்கே பன்னிரண்டு தரம் வந்து சேர்கிறார்கள், இதுக்கு வீட்லயே இருந்திருக்கலாமே என்று சொல்லிப் பார்த்தேன், ஒருத்தரும் சிரிக்கவில்லை, ஒரு பையனைத் தவிர. அவன் பெயர் கோகுலகிருஷ்ணன், வயது இருபத்துநாலு, திண்டிவனம் பக்கத்தில் சொந்த நிலத்தில் கரும்பு போடுகிற கண்ணையன் என்பவருடைய மகன். பழைய காரை வாங்கித் தானே பிரித்து, உள்ளே கம்பிக் கூண்டு வைத்து, ரேஸ் வண்டியாக்கிக் கொண்டு வந்திருந்தான். சனிக்கிழமை முழுக்க ஓய்ந்த நேரமெல்லாம் என் வண்டி நிழலில்தான் டீ குடித்தான். அண்ணே, உங்க கொக்கிக்கு என் வண்டியால வேலையே வராது, லீவு போட்டுட்டு குந்துங்க என்றான். என் வயசுக்கு அண்ணே என்றது எனக்குக் கொஞ்சம் குஷியாகவே இருந்தது, உன் அம்மாவிடம் சொல்லாதே.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரேஸ் டாக்டர் எங்களையெல்லாம் வரிசையாக நிற்க வைத்து மைக் பிடித்தார். வண்டி கவுந்தாலும் மோதினாலும், நான் வர்ற வரைக்கும் டிரைவர் மேல யாரும் கை வைக்கக் கூடாது, புரியுதா என்றார். இந்தப் பேச்சுக்கு நம்ம ரோட்டில் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியாதா. ஆக்சிடென்ட் என்றால் அரை நிமிஷத்தில் கூட்டம் கூடும், பாதிப் பேர் அடிபட்டவரைத் தூக்குவார்கள், மீதிப் பேர் டிரைவரைப் பிடித்து மொத்துவார்கள். போலீஸ் வருகிற வரைக்கும் எத்தனை லாரி டிரைவரை நம்ம பஞ்சர் ஷெட்டில் டயருக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன். டிரைவர் மேல் கை வைக்காதே என்றால் இங்கே அடிக்காதே என்று அர்த்தம். தூக்காதே என்று இந்த ரோட்டில் இதுவரைக்கும் ஒருத்தரும் சொன்னதில்லை. நான் கையைத் தூக்கி, சார், நாங்க அந்த மாரி ஆளுங்க இல்ல சார், நம்ம பசங்க மேல கை வைப்பமா என்றேன். நானும் என்னோடு நின்றவர்களும் சிரித்தோம். டாக்டரும் சிரித்தார். நான் எதற்குச் சிரித்தேன் என்று அவருக்குத் தெரியாது, அவர் எதற்குச் சிரித்தார் என்று எனக்குத் தெரியாது.

சாப்பாட்டுக்குப் பிறகு நடந்த ஓட்டத்தில் மூன்றாவது சுற்றிலேயே கோகுல் வண்டி மண்மேட்டில் ஏறி இரண்டு தரம் உருண்டு சக்கரம் மேலே பார்க்க நின்றது. நான்தான் கிட்டே இருந்தவன். முன்பக்கம் குபுகுபுவென்று புகை. போன ஐப்பசியில் நம்ம ரோட்டிலேயே ஒரு கார் எரிந்தபோது கையில் கொக்கியை வைத்துக்கொண்டு பார்த்தபடி நின்றேனே, அதுதான் கண் முன்னால் வந்தது. ஓடினேன். பையன் பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, கதவு, கதவு என்று கத்தி வலது காலால் கதவை உதைத்தான். வேணி, இதை நன்றாகப் படி. உதைத்தான். ஒரு தரம் இல்லை, மூன்று நாலு தரம். கதவு பிளந்துகொண்டது. நான் கயிறு அறுக்கிற கத்தியை எடுத்துப் பெல்ட்டை அறுத்தேன், கீழே ஒரு கை கொடுத்துத் தாங்கவில்லை. பையன் ஹெல்மெட் தரையில் மோத அப்படியே விழுந்தான், கழுத்து மடங்கியது. கம்புக்கூட்டில் கையைக் கொடுத்து இழுத்துக்கொண்டு வந்து புல்லில் போட்டேன். அண்ணே, என் காலு மேல யாரு குந்திக்கினு இருக்காங்க, எழுந்திரிக்கச் சொல்லுங்க என்றான். ஒருத்தரும் உட்கார்ந்திருக்கவில்லை. அப்போதுதான் டாக்டர் ஓடி வந்தார். கை வைக்காதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே என்று தலையில் அடித்துக்கொண்டார். அந்த நிமிஷம்தான் எனக்கு அந்த வார்த்தைக்கு அர்த்தம் புரிந்தது. புகை கூட நெருப்பு இல்லை, ரேடியேட்டர் உடைந்து வந்த வெறும் ஆவி.

ஆம்புலன்ஸ் போனதும் ஓட்டத்தை நிறுத்திவிட்டார்கள். பரிசுக் கப்பை எல்லாம் திரும்ப அட்டைப்பெட்டியில் வைத்தார்கள், ஜெயித்தவனும் தோற்றவனும் ஒரே மாதிரி தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். ஆனால் யாரோ போனில் எடுத்த வீடியோ மட்டும் நிற்கவில்லை. அது நான் இழுக்கிற இடத்தில் இருந்துதான் ஆரம்பிக்கிறது, உதைத்தது அதில் இல்லை, பையன் விழுந்ததும் இல்லை. டீக்கடை சீனுவாசன் வருகிற லாரிக்காரரிடமெல்லாம் அதைக் காட்டி, பாத்துக்கோ, இவுருதான் எமன் கையில இருந்து புடுங்கினு வந்தவரு என்கிறான். நானும் முதல் நாள் ஒரு மாதிரி பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன், என்னை எதால் அடிக்கலாம் என்று நீயே சொல். உடைந்த வண்டி நம்ம ஷெட்டில்தான் தார்ப்பாய் மூடிக் கிடக்கிறது. டிரைவர் பக்கத்துக் கதவு உள்ளிருந்து வெளியே புடைத்திருக்கிறது, அதில் மண்ணோடு ஷூ அடையாளம். காலையில் ஒரு தரம் தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்கிறேன், டீ குடித்துவிட்டு ஒரு தரம், பஞ்சர் போடும்போது பாதியில் எழுந்து ஒரு தரம். நேற்று லாரி டயருக்கு நாலு நட்டை முடுக்காமலே அனுப்பப் பார்த்தேன், தேவாதான் ஓடிப் பிடித்தான்.

நேற்று புதன்கிழமை கண்ணையன் வந்தார். பாண்டியில் பையனுக்கு ஆபரேஷன் முடிந்து, பெரிய ஆஸ்பத்திரியில் இருந்து நேராக வந்திருந்தார், கையில் பழம், சால்வை. அந்த ஊர்ப் பெரியவர்கள் நம்மைப் போன்றவர்களை நீங்க என்று கூப்பிட்டு நான் அதிகம் கேட்டதில்லை. இவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, நீங்க இல்லன்னா எம்புள்ள இல்லீங்க என்று அழுதார். பிறகு கேட்டார், அடிபட்ட உடனே காலு ஆடுச்சான்னு டாக்டரம்மா கேட்டுக்கினே கீறாங்க, ஒருத்தருக்கும் தெரியல, பையனுக்கும் நெனவில்ல, நீங்க பாத்தீங்களா என்று. நான் என்ன சொன்னேன் தெரியுமா. கவனிக்கலீங்க, ஒரே புகை என்றேன். தார்ப்பாய் நாலடி தூரத்தில் இருந்தது. அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். ஆடின காலை ஆடாமல் ஆக்கியது நான்தான் என்று ஆகிவிடுமே என்ற பயம். ரோட்டுப் பக்கம் இருக்கிறவன் வேற தெருவுக்காரன் என்கிற பேச்சும் வரும், எப்படி வரும் என்று உனக்கே தெரியும். ஆனால் இப்போது பேனாவால் எழுதிப் பார்த்தால் அது பொய்யாகத்தான் தெரிகிறது, பயமாகத் தெரியவில்லை. இதற்கு மேல் இன்று எழுத ஓடவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம்.

மேலே உள்ளதை மடிக்காமல் மேஜை மேல் வைத்துவிட்டேன், மார்ஷல் புத்தி. உன் அம்மா நாலு எழுத்து படிப்பவள் அல்ல என்று நினைத்திருந்தேன், நேற்று பொழுது சாய்வதற்குள் முழுசும் படித்திருக்கிறாள். நாலு நாளா அந்தக் கதவையே பாத்துக்கினு கீறியே, கதவா வந்து சொல்லப் போவுது, ஜல்தி குளிச்சிட்டுப் படு, காலைல மொத பஸ்ஸு என்றாள். ராத்திரி முழுக்க அவளும் தூங்கவில்லை, பக்கத்தில் படுத்துத் தூங்குவது போல் நடித்தாள், நானும் நடித்தேன்.

காலையில் விழுப்புரம் போய்ப் பாண்டி பஸ் ஏறினேன். கோலியனூர் தாண்டுவதற்குள் மூன்று தரம் இறங்கிவிடலாம் என்று எழுந்தேன், கண்டக்டர், பெரியவரே, பாத்ரூம் வருதா என்று கேட்டுவிட்டார், வெட்கப்பட்டு உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரியில் கண்ணையனும் அவர் வீட்டம்மா லட்சுமியம்மாளும் இருந்தார்கள், டாக்டரம்மா ரவுண்டு வந்த நேரம். மூன்று பேர் எதிரிலும் சொன்னேன், பெல்ட்டை அறுப்பதற்கு முன்னால் பையன் வலது காலால் கதவை உதைத்தான், மூன்று நாலு தரம், கதவு என்னிடம் இருக்கிறது. லட்சுமியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, உதைச்சானா, எம்புள்ள உதைச்சானா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். டாக்டரம்மாவும், அப்ப நரம்பு மொத்தமா அறுந்துடலன்னு நம்பலாம், இது எங்களுக்கு ரொம்ப முக்கியம் என்றார். என் குற்றத்துக்குச் சாட்சியே அவர்களுக்கு நல்ல சேதி, வேணி. அங்கேயே நிறுத்தியிருக்கலாம், ஒருத்தரும் மேலே கேட்டிருக்க மாட்டார்கள். லட்சுமியம்மாள் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே மீதியையும் சொன்னேன். தாங்கிப் பிடிக்காமல் அறுத்தேன், தலை மோத விழுந்தான், அப்புறம்தான் கால் ஓய்ந்தது, கை வைக்கக் கூடாது என்றதை அடிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன் என்று.

அந்த அம்மாள் கையை உதறவில்லை, மெதுவாக எடுத்துக்கொண்டார். உதறியிருந்தால் தேவலை. டாக்டரம்மா, வண்டி உருண்டதுலயா, நீங்க அறுத்ததுலயா, உள்ளே வீங்கினதுலயா, எதுல ஆச்சுன்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது, இனிமே யாராலயும் முடியாது என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். கண்ணையன் ஜன்னல் பக்கம் போய் நின்றார். திரும்பாமலே, புதன்கெழம கேட்டனே, ஏன் சொல்லல என்றார். பயம்ங்க என்றேன். ரெண்டு நாளு, டாக்டரம்மா ரெண்டு நாளா அதையே கேட்டுக்கினு இருந்தாங்க என்றார். நான் கிளம்பலாம் என்று திரும்பினபோது லட்சுமியம்மாள்தான், உள்ள போயி அவங்கிட்டயும் சொல்லிட்டுப் போங்க, அது அவன் காலு என்றார்.

கழுத்தில் பட்டை போட்டு மல்லாக்கப் படுத்திருந்தான். முழுசும் சொன்னேன். கூரையையே பார்த்துக்கொண்டு கேட்டான். என்மேல கோவமா தம்பி என்று முட்டாள்தனமாகக் கேட்டேன். அதெல்லாம் இப்பக் கேக்காதீங்கண்ணே, எனக்கே தெரியல என்றான். அப்புறம், எந்தக் காலு என்றான். வலது என்றேன். எங்கம்மா தெனம் காலு ஆடுச்சி ஆடுச்சின்னு சொல்லுது, நான் அழுவக் கூடாதுன்னு சொல்லுது, அப்பா ஜன்னலுக்குப் போயிடறாரு, எனக்குக் குனிஞ்சு பாக்க முடியல, நீங்க கால்மாட்டுல நில்லுங்க, நான் உதைக்கிறேன், உள்ளதச் சொல்லுங்க என்றான். போர்வையை விலக்கிவிட்டு நின்றேன். பல்லைக் கடித்தான், நெற்றியில் வேர்த்தது, நெற்றிப்பொட்டில் நரம்பு புடைத்தது. நான் விரல் ஐந்தையும் கண் கொட்டாமல் பார்த்தேன். ஆடுச்சி என்ற வார்த்தை என் தொண்டை வரைக்கும் வந்தது, அதைச் சொல்வது அவ்வளவு சுலபமாக இருந்தது. அசையலப்பா என்றேன். கண்ணை மூடிக்கொண்டான். சரிண்ணே, நாளைக்கி வாங்க, இதே நேரத்துக்கு என்றான்.

நாளைக்குப் போகிறேன். ரேஸ் கிளப்காரர்கள் மேடை போட்டுப் பொன்னாடை போடுகிறோம் என்றதை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், தேவா ஸ்டேட்டஸில் வைத்திருந்த அந்த வீடியோவை அவனையே எடுத்துவிடச் சொன்னேன், முணுமுணுத்துக்கொண்டே எடுத்தான். ஷெட்டைக் காலையில் அவன் பார்த்துக்கொள்வான், நட்டு முடுக்குவதில் இப்போதைக்கு என்னைவிட அவன் மேல். நீ வேளைக்குச் சாப்பிடு, நைட் டூட்டியில் வெறும் டீயிலேயே பொழுதை ஓட்டாதே, ரூம் வாடகைப் பிரச்சினையில் கூட இருக்கிற பெண்களோடு சண்டை போடாதே. நீ நூறு வருஷம் திடமான காலோடு நடக்க வேண்டும், உன் கை பட்டவர்கள் எல்லோரும் எழுந்து நடக்க வேண்டும், அப்பாவின் ஆசி அவ்வளவுதான். என்னைத் தேற்றி ஒன்றும் எழுதாதே, தப்பு இல்லை என்றும் எழுதாதே. ஒன்றை மட்டும் மறக்காமல் போன் பண்ணிச் சொல், அம்மா ஸ்பீக்கரில் போட்டாலும் பரவாயில்லை. கால் திரும்புகிறது என்றால் முதலில் அசைவது எந்த விரல், கட்டை விரலா சுண்டு விரலா, நான் எங்கே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

இப்படிக்கு
உன் அப்பா
விருத்தாசலம்