வீட்டில் மட்டும் கேட்காத காது

மார்ச் 4, செவ்வாய்

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் எனக்குப் ‘பாம்புக் காது’ என்று பட்டப்பெயர். சுற்றிலும் எல்லாரும் போனில் கத்திக்கொண்டிருக்க, இன்று ஒரு பெரியவர் முனகிய தெருப் பெயரை ஒரே தடவையில் பிடித்தேன்.

அந்தப் பெருமையோடு வீட்டுக்கு வந்தால் வாசலில் பெட்டி படுக்கையோடு நாத்தனார், நான் அண்ணி என்று கூப்பிடும் கணவரின் அக்கா. “கொஞ்ச மாசம் இங்கதான். நீ சரின்னுட்டியாமே?”

நானா? எப்போது?

கணவர் சொன்னார்: “சோபால உக்காந்திருந்தப்ப கேட்டேன். ‘ம்’னியே.”

மார்ச் 7

அண்ணி பேசுகிறார். பல் தேய்த்துக்கொண்டும் பேசுகிறார். எனக்கு மழைச் சத்தம் மாதிரி இருக்கிறது.

மார்ச் 12

காது டாக்டரிடம் கணவரே இழுத்துக்கொண்டு போனார். பரிசோதனையில் ஒரு குறையும் இல்லை.

“வேலையில ஒரு வார்த்தை தவறினா உயிர் போகும், அதனால காது விழிச்சிருக்கு. வீட்டுல அந்தப் பயம் இல்ல, தூங்கிடுது. இங்க தவறினா என்ன போயிடும்?” என்றார் டாக்டர்.

“என் மானம், டாக்டர்,” என்றார் இவர்.

மார்ச் 19

சாயங்காலம் டிவி அலறிக்கொண்டிருந்தது. அண்ணி யாரோ பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றி வழக்கம்போல. திடீரென்று என் காது நிமிர்ந்தது. என்ன சொன்னார் என்று தெரியாது. ஆனால் வாக்கியம் துண்டு துண்டாக வந்தது, நடுவில் மூச்சு.

“அண்ணி, தாடை வலிக்குதா?”

“ஆமா... உனக்கு எப்படி...”

எங்கள் கட்டுப்பாட்டு அறைக்கே போன் போட்டேன். எடுத்த தோழி முகவரி கேட்டாள். என் வீட்டுக் கதவு எண் எனக்கு நினைவுக்கு வரவில்லை. அண்ணிதான் சொன்னார், பின்கோடோடு.

மார்ச் 21

மாரடைப்புதான். சரியான நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்றார்கள் ஆஸ்பத்திரியில். கண் விழித்ததும் அண்ணி பக்கத்து வீட்டுக்காரி கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். நர்ஸ் தப்பி ஓடினாள். நான் உட்கார்ந்து கேட்டேன். நல்ல கதை. அடப்பாவி, இவ்வளவு நாளும் இதையா விட்டேன்?

வெளியே வந்ததும் கணவர் கேட்டார்: “நீ என்னைக் கவனிக்க நானும் மூச்சு வாங்கணுமா?”

சிரிக்கத்தான் சொன்னார். சிரிப்பு வரவில்லை.

ஏப்ரல் 6

டிவியை நிறுத்திவிட்டு இரவுச் சாப்பாடு. அண்ணி ஊருக்குக் கிளம்புவதாகச் சொன்னார், உங்களுக்கு எதுக்குத் தொந்தரவு என்று.

“இன்னும் கொஞ்ச நாள் இருங்களேன், அண்ணி.”

அவருக்குப் பேச்சே வரவில்லை. தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். நான் காத்திருந்தேன்.